பி-53 என்னும் காவற்காரன்

மும்பையில் வாழும் நம் குடும்பங்களுள், ஊரிலிருந்து மருத்துவத்தின் பொருட்டு வந்த உறவினர் ஒருவரையேனும் தம் சிறு வீட்டில் வைத்துப் பேணாத குடும்பத்தைக் காண்பது அரிது. 1941-ஆம் ஆண்டில் பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை தோன்றிய நாள்முதல், புற்றுநோய் என்றதும் பம்பாயை நினைப்பது நாடெங்கும் வழக்காயிற்று. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் அரிய முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பெற்ற பின்பும், இங்கே மகனோ மருமகனோ இருப்பவர்கள் இங்கு வருவதையே விரும்பினர்.

எங்கள் வீட்டிற்கும் அவ்வாறு ஒருமுறை என் அத்தை வந்தார். தாமிரபரணிப் பாய்ச்சலில் நெல் விளையும் ஒரு சிற்றூர் அவருடையது. நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அவர் வாயைவிட்டு நீங்கியதில்லை. இடக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் தோன்றி ஆறாமலே இருந்தது. பல் குத்தியது என்று நான்கு மாதம் வாளாவிருந்துவிட்டார். இங்கு வந்தபின் மருத்துவர் அப்புண்ணிலிருந்து ஒரு சதைத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சில நாட்களில் அறிக்கை வந்தது. புற்றுநோய் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அதன் கீழே, "பி-53: ஏறக்குறைய எல்லா அணுக்களிலும் அழுத்தமாகக் காணப்படுகிறது" என்று ஒரு குறிப்பு இருந்தது.

கல்லூரியில் பயிலும் என் மகன் உடனே கைப்பேசியில் தேடினான். "அப்பா, பி-53 என்பது புற்றுநோயைத் தடுக்கும் புரதமாம். அது அத்தைப் பாட்டிக்கு நிறைய இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களே! நல்ல செய்திதானே?" என்று கேட்டான். வீட்டில் அனைவர் முகமும் ஒரு கணம் மலர்ந்தது. நானோ பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த மலர்ச்சியைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் பொய்யான ஆறுதல் நோயினும் கொடிது அன்றோ! அன்று மாலை அவர்களுக்கு நான் சொன்னவற்றையே, நம் திங்களிதழ் அன்பர்களுக்கும் பயன்படும் எனக் கருதிச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

ஒரே ஏடு; வெவ்வேறு ஓதுதல்

நம் உடல் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது. குருதியின் சிவப்பணு போன்ற சிலவற்றை நீக்கினால், ஏனைய ஒவ்வோர் உயிரணுவின் உள்ளேயும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. அதனை ஓர் ஏடு எனக் கொள்ளலாம். தாய்வழி ஒரு படியும் தந்தைவழி ஒரு படியுமாக வந்த அந்த ஏட்டில், ஒரு படிக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உண்டு. அவ்வேட்டின் தனித்தனிப் பாடங்களே மரபணுக்கள். மனிதனுக்குப் புரதம் சமைக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன.

இங்கே ஒரு வினா எழுகின்றது. கண்ணில் உள்ள உயிரணுவும் கல்லீரலில் உள்ள உயிரணுவும் ஒரே ஏட்டையே வைத்திருக்கின்றன. அங்ஙனமாயின், கண் ஏன் பித்தநீரைச் சுரப்பதில்லை? கல்லீரல் ஏன் ஒளியைக் காண்பதில்லை? ஏடு ஒன்றாயினும் ஓதும் பாடம் வேறு என்பதே அதற்கு விடை. எந்தப் பாடத்தை எப்பொழுது ஓதவேண்டும், எதனை மூடிவைக்கவேண்டும் என்று உயிரணு ஓயாது முடிவு செய்தவண்ணம் இருக்கிறது. ஓதவேண்டிய பாடம் முதலில் ஆர்.என்.ஏ. என்னும் தாளில் படியெடுக்கப்படுகிறது. பின்னர் அத்தாளைப் பார்த்துப் புரதம் செய்யப்படுகிறது. இந்தப் படியெடுக்கும் வேலையைத் தொடங்கி வைப்பதும், வேண்டாதபோது தடுத்து நிறுத்துவதும் ஒருவகைப் புரதங்களின் தொழில். அவற்றைப் 'படியெடுப்புக் காரணிகள்' என்று அழைக்கின்றனர். மனித உடலில் அத்தகைய காரணிகள் ஏறத்தாழ 1,600 உள்ளன.

இதனை என் அத்தைக்கு விளக்குவது எனக்குக் கடினமாக இல்லை. அவர் ஊரில் குளத்து மடைகளைத் திறந்து மூடுவதற்கென்றே நீர்ப்பாய்ச்சி ஒருவர் உண்டு. குளத்து நீர் அனைவருக்கும் பொது. ஆயினும் இன்று எந்த வயலுக்குப் பாயும், நாளை எந்த வயலுக்குப் பாயும் என்பது அவர் கையில் உள்ளது. படியெடுப்புக் காரணியும் அத்தகைய நீர்ப்பாய்ச்சியே. டி.என்.ஏ. இழையில் தனக்குரிய எழுத்து வரிசையைக் கண்டறிந்து அங்கே சென்று அமர்கின்றது. அமர்ந்ததும் அருகிலுள்ள மரபணுவின் மடை திறக்கின்றது, அல்லது மூடுகின்றது.

இந்த மறைபொருளை முதன்முதலில் தெளிவாக எடுத்துக் காட்டியவர்கள் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ என்னும் இரு அறிஞர்கள். குடலில் வாழும் நுண்ணுயிர் ஒன்று, பாலில் உள்ள சர்க்கரை கிடைக்கும்பொழுது மட்டும் அதனைச் செரிக்கும் புரதத்தைச் செய்துகொள்கின்றது. கிடைக்காதபொழுது அவ்வேலையை நிறுத்திவிடுகின்றது. அந்த மரபணுக்களின் முகப்பில் ஒரு தடைப்பொருள் மடைப்பலகை போல் அமர்ந்திருக்கின்றது என்றும், பாற்சர்க்கரை வந்ததும் அது விலகிவிடுகின்றது என்றும் அவ்விருவரும் 1961-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினர். அத்தடைப்பொருள் ஒரு புரதமே என்பது 1966-இல் அமெரிக்காவில் மெய்ப்பிக்கப்பட்டது. ஜாக்கோப்பும் மோனோவும், தம் நிலையத்து ஆந்திரே லுவோவ் என்பாருடன், 1965-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

குற்றவாளி என்று கருதப்பட்ட காவலன்

இனிப் பி-53-க்கு வருவோம். புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாற்றில் இதனைப் போல் பழி சுமந்து, பின்னர்ப் பழி நீங்கிப் புகழ் பெற்ற பொருள் வேறொன்று இல்லை எனலாம்.

குரங்குகளிடம் காணப்படும் எஸ்.வி.-40 என்னும் நச்சுயிரி, சிறு விலங்குகளில் கட்டிகளை உண்டாக்க வல்லது. அந்நச்சுயிரியின் புரதம் ஒன்று, உயிரணுவிற்குள் புகுந்ததும் அங்குள்ள வேறொரு புரதத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றது என்பதை 1979-இல் இலண்டனில் டேவிட் லேன், லயனல் கிராஃபோர்டு ஆகியோரும், பிரின்ஸ்டனில் ஆர்னல்டு லெவைன், டேனியல் லின்சர் ஆகியோரும் தனித்தனியே கண்டனர். அதே காலத்தில் வேறு சில ஆய்வுக் கூடங்களிலும் அப்புரதம் கண்ணிற்பட்டது. கூழ்ப்பலகையில் ஓடவிட்டு எடையை மதிப்பிட்டபோது 53,000 அலகு எனத் தோன்றியமையால் பி-53 என்று பெயரிட்டனர். உண்மையில் அது 393 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் எடை 44,000 அலகிற்கும் சற்றுக் குறைவே. கூழில் மெதுவாக நகர்ந்து கண்ணை ஏமாற்றிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எடையில் நேர்ந்த பிழை சிறிது. குணத்தில் நேர்ந்த பிழை பெரிது. புற்றுநோய் அணுக்களில் எல்லாம் இப்புரதம் மிகுந்து காணப்பட்டது. அதன் மரபணுவை எடுத்து நல்ல அணுக்களில் புகுத்தியபோது அவை கெட்டுப்போகத் தலைப்பட்டன. எனவே இது புற்றுநோயை விளைவிக்கும் மரபணு என்று அறிஞர் உலகம் பத்தாண்டுக் காலம் நம்பிற்று. திருட்டு நடந்த ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் ஒரே ஆளைக் கண்டால், அவனைத் திருடன் என்று ஐயுறுவது இயல்புதானே!

1989-இல் அந்த எண்ணம் தலைகீழாக மாறியது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர் பெருங்குடற் புற்றுநோயை ஆராய்ந்து வந்தனர். அந்நோய் கண்ட அணுக்களில் 17-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி அடிக்கடி காணாமற் போயிருந்தது. பி-53-இன் மரபணு அங்கேதான் உள்ளது. ஒரு படி இழக்கப்பட்டிருக்க, எஞ்சிய மற்றொரு படியும் எழுத்துப் பிழையுற்றுக் கிடந்தது. அதே ஆண்டில் லெவைன் குழுவினர், முன்னைய சோதனைகளில் கையாளப்பட்டவை நல்ல மரபணுக்கள் அல்ல, பழுதுற்றவை என்பதையும், பழுதற்ற மரபணுவைப் புகுத்தினால் அது அணுக்கள் கெடுவதைத் தடுக்கின்றது என்பதையும் காட்டினர். திருடன் எனக் கருதப்பட்டவன் உண்மையில் காவற்காரன். அவன் கை கால் முறிந்து கிடந்த இடங்களிலேயே திருட்டு நடந்திருக்கின்றது என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

1992-இல் பி-53 மரபணுவே இல்லாத சுண்டெலிகளைப் படைத்து வளர்த்துப் பார்த்தனர். அவை பிறக்கும்போது குறையின்றிப் பிறந்தன. ஆனால் ஆறு மாதத்திற்குள் பெரும்பாலானவற்றின் உடலில் கட்டிகள் தோன்றின. அவ்வாண்டிலேயே டேவிட் லேன் இப்புரதத்தை 'மரபுத் தொகுதியின் காவலன்' என்று அழைத்தார். அடுத்த ஆண்டு, 1993-இல், 'சயன்ஸ்' என்னும் புகழ் வாய்ந்த அமெரிக்க இதழ் பி-53-ஐ 'ஆண்டின் மூலக்கூறு' எனத் தேர்ந்தெடுத்தது.

காவலன் செய்யும் வேலை

நல்ல நிலையில் உள்ள உயிரணுவில் பி-53 மிகக் குறைவாகவே இருக்கும். அது செய்யப்படுவதில்லை என்பதன்று. ஓயாது செய்யப்படுகிறது, ஓயாது அழிக்கப்படுகிறது. எம்.டி.எம்.-2 என்னும் மற்றொரு புரதம், பி-53-ஐப் பற்றி அழிவிற்கு உள்ளாக்குகின்றது. இவ்வாறு நிமிடக் கணக்கிலேயே அதன் வாழ்நாள் முடிகின்றது.

இது வீண் செலவு போலத் தோன்றலாம். ஆனால் இதன் பயன் ஆபத்துக் காலத்தில் தெரியும். கதிரவனின் புறஊதாக் கதிரோ, புகையின் நஞ்சோ, வேறு தீங்கோ டி.என்.ஏ. இழையை அறுத்துவிட்டால், உயிரணுவில் எச்சரிக்கைக் குறிகள் எழுகின்றன. எம்.டி.எம்.-2-இன் பிடி தளர்கின்றது. புதிதாகச் செய்தெடுக்கக் காத்திராமலே, செய்யப்பட்டவை அழியாமல் நிற்பதாலேயே பி-53 விரைவில் பெருகிவிடுகின்றது. நான்கு மூலக்கூறுகள் கைகோத்து ஒன்றாகி, டி.என்.ஏ. இழையில் தமக்குரிய எழுத்து வரிசைகளைப் பற்றி அமர்கின்றன. பல மரபணுக்களின் மடைகள் ஒருங்கே திறக்கின்றன.

அம்மடைகளுள் ஒன்று பி-21 என்னும் புரதத்தினுடையது. இது 1993-இல் அறியப்பட்டது. உயிரணு இரண்டாகப் பிரியும் வேலையை இது நிறுத்தி வைக்கின்றது. பிழை திருத்தாத ஏட்டைப் படியெடுத்தால் பிழையும் படியில் ஏறும் அன்றோ! திருத்தும் வரையில் பொறு என்று தடுப்பது இதன் தொழில். பழுது பார்க்கும் பணிக்கு உதவும் மரபணுக்களும் சில விழிப்படைகின்றன. பழுது திருத்த முடியாத அளவிற்குப் பெரிதாயின், காவலன் கடுமையான ஆணை ஒன்றைப் பிறப்பிக்கின்றான். உயிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் மரபணுக்களின் மடை திறக்கப்படுகின்றது. ஊரைக் காக்க ஒரு வீட்டை இழக்கும் முறை இது. கடும் வெயிலில் காய்ந்தபின் தோலில் சில அணுக்கள் மடிகின்றனவே, அதிலும் பி-53-இன் கை உண்டு.

இவ்வளவு அதிகாரம் உடையவன் கட்டின்றி விடப்பட்டால் நல்ல அணுக்களும் மாண்டுபோகும். ஆகவே பி-53 திறக்கும் மடைகளுள் எம்.டி.எம்.-2-இன் மடையும் ஒன்றாக அமைந்திருக்கின்றது. தன்னைக் கலைத்து அனுப்பும் ஆளைத் தானே அழைத்து வைக்கும் காவலன் இவன்! ஆபத்து நீங்கியதும் எம்.டி.எம்.-2 மீண்டும் மேலோங்குகின்றது, பி-53 குறைகின்றது, உயிரணு வழக்கமான வாழ்விற்குத் திரும்புகின்றது.

குவியலின் பொருள்

இப்பொழுது என் மகனுடைய கேள்விக்கு விடை கூறலாம். அறிக்கையில் பி-53 மிகுதியாக இருந்தது ஏன்?

மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலும் புரதத்தின் ஓர் அமினோ அமிலம் மாறிவிடக்கூடும். 1994-இல் நியூயார்க்கில் நிகோலா பாவ்லெடிச் குழுவினர், பி-53 டி.என்.ஏ.-வைப் பற்றிய நிலையில் அதன் வடிவத்தை எக்ஸ்-கதிர் கொண்டு கண்டறிந்தனர். புற்றுநோய்களில் அடிக்கடி பழுதுறும் இடங்களான 248-ஆம் 273-ஆம் அமினோ அமிலங்கள், டி.என்.ஏ.-வை நேராகத் தொடும் விரல்கள் போன்றவை என்பது அப்போது தெரிந்தது. 175-ஆம் இடத்தில் நேரும் பழுதோ கையின் வடிவத்தையே குலைப்பது. விரல் ஒடிந்தவன் மடைப்பலகையைத் தூக்க இயலுமா? நான்கு பேர் கூடித் தூக்கும் பலகையாதலால், ஒருவன் ஒடிந்தாலும் ஏனையோர் வேலையும் குன்றுகின்றது.

மடை திறவாதபோது எம்.டி.எம்.-2-உம் போதிய அளவு உண்டாவதில்லை. பழுதுற்ற பி-53-ஐ அழிப்பார் இன்றி, அது உயிரணுவில் குவிந்து கிடக்கின்றது. சோதனைக் கூடத்தில் வண்ணம் ஏற்றிப் பார்க்கும்போது அக்குவியலே அழுத்தமான நிறமாகத் தோன்றுகின்றது. ஆகவே பி-53 நிறைந்திருக்கின்றது என்னும் அறிக்கை, காவலர் பலர் விழித்திருக்கின்றனர் என்று பொருள்படுவதில்லை. காவலர் விழுந்து கிடக்கின்றனர் என்றே பெரும்பாலும் பொருள்படும். சில புற்றுநோய்களில் மரபணு முற்றிலும் அழிந்து, புரதம் சிறிதும் காணப்படாமற் போவதும் உண்டு. எனவே மிகுதி, இன்மை இரண்டுமே ஐயத்திற்குரியவை. நல்ல அணுக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலேசாகத் தெரிவதே இயல்பு.

மனிதருக்கு வரும் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் இந்த மரபணு பழுதுற்றிருக்கின்றது. எந்த ஒரு தனி மரபணுவும் இத்துணைப் புற்றுநோய்களில் பழுதுற்றுக் காணப்படுவதில்லை. இதைச் சொல்லி முடித்தபோது என் மகன் முகம் வாடிற்று. "அப்படியானால் பாட்டிக்குக் காவலே இல்லையா?" என்றான். "அந்தப் புண்ணில் உள்ள அணுக்களுக்குத்தான் இல்லை. உடலின் மற்ற இடங்களில் காவல் இருக்கிறது. அந்தப் புண்ணை அறுத்தெடுக்க மருத்துவர் இருக்கிறார்" என்றேன். அது பொய்யன்று.

பகைவர் விட்டுச்சென்ற தடங்கள்

காவலனை முடக்கிய பகைவர் யார் என்பதைச் சில வேளைகளில் பழுதின் தன்மையே காட்டிக்கொடுக்கின்றது. ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம் முதலியவற்றில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகின்றது. அந்நஞ்சு உணவில் மிகுந்த சீனத்துச் சீடோங் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும், கல்லீரற் புற்றுநோயாளர் பலரிடம் பி-53-இன் 249-ஆம் இடத்தில் ஒரே வகைப் பழுது காணப்பட்டதென 1991-இல் வெளியாயிற்று. வெயிலால் வரும் தோற் புற்றுநோயில் புறஊதாக் கதிருக்கே உரிய எழுத்துப் பிழை காணப்பட்டதும் அவ்வாண்டிலேயே. புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீன் என்னும் பொருளின் நஞ்சு, நுரையீரற் புற்றுநோயில் அடிக்கடி பழுதுறும் இடங்களையே பி-53 மரபணுவில் பற்றிக்கொள்கின்றது என்பது 1996-இல் காட்டப்பட்டது. புகைக்கும் புற்றுக்கும் தொடர்பில்லை என்று நெடுநாள் வாதாடியவர்களுக்கு இதனினும் தெளிவான கைரேகைச் சான்று வேண்டுவதில்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோயின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் பி-53 மரபணுவில் பழுது இல்லை. எச்.பி.வி. என்னும் நச்சுயிரி இந்நோய்க்குக் காரணம் என்று காட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன் 2008-இல் நோபெல் பரிசு பெற்றார். அந்நச்சுயிரியின் இ-6 என்னும் புரதம், பழுதற்ற பி-53-ஐப் பிடித்து அழிவிற்கு அனுப்பிவிடுகின்றது என்பது 1990-இல் தெரியவந்தது. காவலனை ஒடிக்காமல், கடத்திக்கொண்டு போகும் பகைவன் இவன். இதில் ஒரு நன்மையும் உண்டு. நச்சுயிரியே உள்ளே புகாமல் தடுத்துவிட்டால் காவலன் காப்பாற்றப்படுவான். அதற்குத் தடுப்பூசி உண்டு. புனே நகரில் உள்ள சீரம் நிறுவனம் நம் நாட்டிலேயே செய்த அத்தகைய ஊசி 2023-இல் வெளிவந்தது. பெண் மக்களைப் பெற்ற நம் குடும்பங்கள் இதுபற்றி மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

"பேத்திக்கும் வருமா?"

இவ்வளவையும் அமைதியாகக் கேட்டிருந்த அத்தை, எல்லோரும் எழுந்து சென்றபின் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, நான் போய்ச் சேருவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இது என் பேத்திக்கும் வருமா? தையில் அவளுக்குப் பேசி முடிக்க இருக்கிறார்கள். இந்தச் சங்கதி தெரிந்தால் அவர்கள் என்ன நினைப்பார்களோ?" என்றார். அவர் குரல் நடுங்கிற்று. நோயைவிட இந்த அச்சமே அவரை நான்கு மாதம் வாய் மூடியிருக்கச் செய்தது என்பது எனக்கு அப்பொழுதுதான் புலப்பட்டது.

இந்த வினாவிற்கும் பி-53 ஆராய்ச்சி விடை தந்திருக்கின்றது. 1969-இல் பிரெடெரிக் லீ, ஜோசப் ஃபிராவுமெனி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், இளமையிலேயே பலவகைப் புற்றுநோய்கள் தாக்கிய நான்கு குடும்பங்களைப் பற்றி எழுதினர். அத்தகைய குடும்பத்தினர், பழுதுற்ற பி-53 மரபணுப் படி ஒன்றுடனேயே பிறக்கின்றனர் என்பது 1990-இல் கண்டறியப்பட்டது. அவர்கள் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் அப்பழுது இருப்பதால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் இத்தகைய குடும்பங்கள் மிகச் சில. குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் ஒரே குடும்பத்தில் பலருக்குத் தசை, எலும்பு, மார்பகம், மூளை முதலியவற்றில் புற்றுநோய் வந்திருந்தால் மட்டுமே அவ்வாறு ஐயுற இடமுண்டு.

ஏனையோருக்கு நேரும் பழுது, வாழ்நாளில் ஏதோ ஓர் உறுப்பில், ஏதோ ஓர் அணுவில் நேர்வது. நாற்பது ஆண்டுப் புகையிலையால் கன்னத்து அணுவில் நேர்ந்த பழுது கன்னத்து அணுவோடு நிற்கும். அது கருவில் ஏறுவதில்லை; மகளுக்கும் போகாது, பேத்திக்கும் போகாது. தொட்டாலும் ஒட்டாது. இதனை அத்தையிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை சொன்னபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் ஊரில் எல்லாரிடமும் சொல்லலாமா?" என்று கேட்டார். "சொல்லத்தான் வேண்டும், அத்தை" என்றேன்.

யானையும் மருந்தும்

உடல் பெரிதாயின் அணுக்கள் மிகுதி; அணுக்கள் மிகுந்தால் புற்றுநோயும் மிக வேண்டும். ஆனால் அறுபது, எழுபது ஆண்டு வாழும் யானைக்குப் புற்றுநோய் அரிதாகவே வருகின்றது. இதன் காரணத்தின் ஒரு பகுதி 2015-இல் வெளிப்பட்டது. மனிதனுக்குப் பி-53 மரபணு தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு படிகளே உண்டு. ஆப்பிரிக்க யானைக்கோ ஏறத்தாழ 40 படிகள் உண்டு. டி.என்.ஏ. பழுதுற்றால் யானையின் அணுக்கள் திருத்தக் காத்திராமல் விரைந்து தம்மை மாய்த்துக்கொள்கின்றன. கோயில் வாயிலில் நாம் வாழைப்பழம் கொடுத்து வணங்கும் அவ்விலங்கினிடம் அறிஞர்கள் பாடம் கேட்கும் காலம் இது!

மனிதனுக்கு மருந்தாக இந்த அறிவைப் பயன்படுத்தும் முயற்சி எளிதாக இல்லை. நச்சுயிரி ஒன்றின் முதுகில் நல்ல பி-53 மரபணுவை ஏற்றிச் செலுத்தும் மருந்திற்குச் சீன நாடு 2003-இல் ஒப்புதல் வழங்கியது. பிற நாடுகளில் அது பரவவில்லை. எம்.டி.எம்.-2-இன் பிடியைத் தளர்த்தும் சிறு மூலக்கூறுகள் 2004-இல் அறிவிக்கப்பட்டன. பழுதுற்ற பி-53-ஐ நிமிர்த்தும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட மருந்து ஒன்று, 2020-இல் இறுதிக்கட்டச் சோதனையில் எண்ணிய பயனைத் தரவில்லை. 220-ஆம் இடத்தில் நேரும் ஒரு குறிப்பிட்ட பழுதினால் உண்டாகும் குழியில் பொருந்தி, புரதத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தும் மனிதரிடம் சோதனைக்கு வந்துள்ளது. கெட்டதைத் தடுத்து நிறுத்துவது மருந்துக்கு எளிது. கெட்டுப்போன நல்லதை மீண்டும் இயக்குவது அரிது. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு கற்பித்த பாடம் இதுவே.

நாம் செய்யத் தக்கவை

மருந்து வரும்வரையில் நாம் வாளாவிருக்க வேண்டுவதில்லை. புகையிலை கலந்த தாம்பூலம் மட்டுமன்றி, புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் பொருளே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஏட்டில் உறுதி செய்திருக்கின்றது. மங்கல நாளில் தட்டில் வைத்துத் தரும் வெற்றிலை பாக்கு நம் பண்பாடு. அதனைப் பெற்றுக்கொள்ளுதல் மதிப்பு. நாள்தோறும் வாயில் அடக்கிவைத்தல் வேறு. தெருவோரக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்கள் நம் இளைஞர்களின் வாயைத் தேடி வருவதை நாம் காணாதவர் போல் இருத்தல் ஆகாது.

முன்னரே கண்டுபிடித்தால் உயிர் காக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர், புளிக்காடி அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையால், கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பை 35 விழுக்காடு குறைக்க முடிந்ததென 2007-இல் வெளியாயிற்று. நம் மும்பையின் குடிசைப் பகுதிகளில் நடந்த அத்தகைய பணி இறப்பை 31 விழுக்காடு குறைத்தது. கேரளத்தில் புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரின் வாயை அவ்வப்போது பார்த்துவந்ததால், அவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரிய கருவி எதுவும் வேண்டப்படவில்லை. விளக்கும், கண்ணும், கேட்பதற்கு ஓர் ஆளும் போதுமானவையாக இருந்தன.

ஆகவே அன்பர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரின் வாயைத் திங்களுக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெண்மையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டு, வரவர வாய் திறக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். பல் குத்தியது என்று பொறுத்திருக்கலாகாது.

என் அத்தைக்கு அறுவை மருத்துவம் நடந்தது. பின்னர்க் கதிர் மருத்துவமும் நடந்தது. கன்னம் சற்று ஒடுங்கிற்று; பேச்சு சற்றுக் குழறிற்று. தையில் பேத்தியின் திருமணத்திற்கு அவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருந்தார். சம்பந்தி வீட்டார் தாம்பூலத் தட்டை நீட்டியபோது அதனைக் கையால் தொட்டு வணங்கிவிட்டு, "எடுத்துப் போங்கள் அம்மா. எனக்கு இதனால்தான் வாயில் புற்று வந்தது" என்று பந்தல் முழுவதும் கேட்கச் சொன்னார். ஒரு கணம் அனைவரும் திகைத்தனர். பின்னர்ச் சம்பந்தி அம்மாள் அவர் அருகில் அமர்ந்து, தம் வாயிலும் ஒரு புண் இரண்டு மாதமாக இருப்பதாக மெல்லச் சொன்னார். மறுவாரமே அந்த அம்மையாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர் என் அத்தைதான்.